முப்பதாம் எண் வரைபடம்

1979ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அலுவலகத்துக்கு 42 வரைபடங்கள் வந்து சேர்ந்தன. கான்சஸ் சிட்டி நகரில் எழும்பிக்கொண்டிருந்த ஹயாத் ரீஜென்சி என்ற நாற்பது மாடி ஹோட்டலின் எஃகு வேலைக்கான படங்கள் அவை. எந்தக் கம்பியை எங்கே வெட்டுவது, எங்கே துளையிடுவது, எங்கே மரை போடுவது என்று பட்டறைக்குச் சொல்லும் படங்கள். தொழிலில் இருப்பவர்கள் ஷாப் டிராயிங் என்பார்கள். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 26 அன்று, சரிபார்த்ததற்கான முத்திரையோடு எல்லாம் திரும்பிப் போயின. அந்தக் கட்டில் முப்பதாம் எண் படமும் இருந்தது.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. திறந்து ஓராண்டு ஆகியிருந்த அந்த ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் நடன விருந்து. சுமார் 1,600 பேர் கூடியிருந்தார்கள். கூடத்துக்கு மேலே, கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கிய நடைபாலங்கள். அவற்றில் நின்றும் சிலர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஏழு கடந்து சில நிமிடங்களில் நான்காம் மாடி நடைபாலம் இற்று, அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் மாடி நடைபாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

வரைபடத்தின் மேல் பலர் கூடிக் குறிப்பெழுதுவது, திருத்தம் கேட்பது, பதில் சொல்வது ஆகியவை இன்று கணினித் திரைக்குள் நடக்கின்றன. அந்த வேலை எதற்காக இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள, அது நடக்கத் தவறிய இந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூல வரைபடத்தில் இருந்தது இதுதான். கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கும். அது நான்காம் மாடிப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலம் வரை போகும். ஒவ்வொரு பாலமும் தனக்குக் கீழே உள்ள நட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். எஃகு நிறுவனத்துக்கு இதில் ஒரு தொல்லை இருந்தது. நான்காம் மாடி நட்டை அதன் இடத்துக்கு ஏற்ற வேண்டுமானால், அதற்குக் கீழே உள்ள கம்பி முழுவதும் மரை போட வேண்டும். தூக்கி நிறுத்தும்போது அந்த மரை அடிபட்டுக் கெட்டுப்போகும். எனவே கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடி உத்தரத்தோடு நின்றுவிடும். கீழ்க் கம்பி, சில அங்குலம் தள்ளி, அதே உத்தரத்திலிருந்து புறப்பட்டு இரண்டாம் மாடிக்கு இறங்கும்.

பட்டறைக்காரரின் கண்ணுக்கு இது வேலையை எளிதாக்கும் சின்ன மாற்றம். ஆனால் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் போட்டவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று விளங்கும். விட்டத்திலிருந்து இறங்கும் ஒரே சங்கிலியில் மேலும் கீழுமாக இரண்டு பலகைகளைப் பூட்டினால், ஒவ்வொரு பலகையின் கொக்கியும் தன் பலகையில் உட்கார்ந்தவரை மட்டும் தாங்கினால் போதும். கீழ்ப் பலகையை மேல் பலகையிலிருந்தே கட்டித் தொங்கவிட்டால், மேல் பலகையின் கொக்கி இருவரையும் தாங்க வேண்டும். சங்கிலியின் மேல் விழும் மொத்தப் பாரம் மாறவில்லை. மேல் கொக்கியின் பாரம் இரட்டிப்பாகிவிடுகிறது. கான்சஸ் சிட்டியில் அந்த மேல் கொக்கி, ‘ப’ வடிவ எஃகுச் சேனல்கள் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பற்றவைத்துச் செய்த பெட்டி உத்தரமும் அதன் அடியில் இருந்த நட்டும். பற்றவைத்த இடத்திலேயே துளை போட்டிருந்தார்கள். உத்தரம் பிளந்து, நட்டு அதன் வழியே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிறுவனம் நடத்திய விசாரணை இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. நகரக் கட்டட விதிகள் கேட்ட குறைந்தபட்சப் பாரத்தில் 60 விழுக்காட்டை மட்டுமே மூல வடிவமும் தாங்கியிருக்கும். மாற்றத்துக்குப் பிறகு அது 30 விழுக்காடாக இறங்கியது. ஆக, அந்த இணைப்பை யாரும் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இணைப்பை வடிவமைப்பது எஃகு நிறுவனத்தின் வேலை என்று பொறியாளர் தரப்பு எண்ணியது. பொறியாளர் படத்தில் இருப்பதே முடிந்த வடிவம் என்று எஃகு நிறுவனம் எண்ணியது. நிறுவனத்துக்குள் வேலை குவிந்ததால் படம் வரையும் வேலை வெளியே இன்னொரு டிடெய்லருக்குப் போயிருந்தது. அவர், இணைப்பை யாரோ ஏற்கனவே சரிபார்த்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

இந்த வழக்கைப் படிக்கும்போது என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. யாருக்கும் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. முத்திரையிடுவதற்கு முன் அந்த அலுவலகத்தில் படங்களைப் பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், கம்பியின் வலிமையைப் பற்றியும், ஒரு கம்பி இரண்டானதைப் பற்றியும் திட்டப் பொறியாளரான டேனியல் டங்கனிடம் கேட்டிருக்கிறார். மாற்றம் ஏற்கத்தக்கதே என்று அவருக்குப் பதில் வந்திருக்கிறது. எஃகு நிறுவனம், தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றது. அப்படியொரு அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. இதற்கெல்லாம் முன்பே, தொடக்கக் கைவரைவு ஒன்றில் தொங்கு கம்பி அதிக வலிமையுள்ள எஃகாக இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. இறுதிப் படம் வரையும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப்போனது. சாதாரண எஃகுக் கம்பியே வந்து இறங்கியது.

கேள்வி பிறந்தது, குறிப்பு எழுதப்பட்டது, பேச்சும் நடந்தது என்கிறார்கள். இவற்றில் எதுவும் முப்பதாம் எண் படத்தின் மேல், அந்த உத்தரத்தின் பக்கத்தில், அடுத்து வருபவர் கண்ணில் படும்படி இல்லை.

கோடு போட்டவர் ஒருவர், அதைப் பார்த்துச் சொல்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக் கொண்டு நீலப்படம் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் கட்டடங்களும் இயந்திரங்களும் அந்த நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகப் பட்டறைகளுக்குப் போயின. நீலத் தாளில் பென்சில் எடுபடாது. சோடாக் கரைசலில் பேனாவைத் தோய்த்து எழுதினால் நீலம் வெளுத்துத் திருத்தம் வெள்ளையாகத் தெரியும். பிறகு வெள்ளைத் தாளில் கருங்கோடாக விழும் அமோனியா பிரிண்ட் வந்தது. அதன் மேல் சிவப்புப் பென்சில் பளிச்சென்று நின்றது. ரெட்லைன் என்ற சொல் அந்தச் சிவப்பிலிருந்து வந்து இன்றும் நிலைத்திருக்கிறது.

சிவப்புப் பென்சிலுக்குப் பின்னால் இரண்டு விதிகள் இருந்தன. யாரும் உட்கார்ந்து எழுதிவைத்தவை அல்ல, வேலையிலிருந்தே விளைந்தவை. முதலாவது, குறிப்பின் பாதிப் பொருள் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. “இது தாங்குமா?” என்பதைத் தனிக் கடிதத்தில் எழுதினால் பத்து வரி விளக்கம் தேவைப்படும். உத்தரத்தின் அருகில் எழுதி ஒரு அம்புக்குறி போட்டால் ஒரு சொல் போதும். இரண்டாவது, திருத்தம் சொல்பவர் மூலக் கோட்டைத் தொடக் கூடாது. தொட்டால் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது அழிந்துபோகும். அவர் நகலின் மேல் எழுதுவார். வரைந்தவர் மூலத்தைத் திருத்துவார். திருத்திய பகுதியைச் சுற்றி மேகம் போல் ஒரு வளைகோடு, பக்கத்தில் திருத்த எண் தாங்கிய முக்கோணம், படத்தின் ஓரத்து அட்டவணையில் தேதியும் பெயரின் முதலெழுத்தும் ஏறும். இந்த மேகமும் முக்கோணமும் இன்றைய கணினிப் படங்களில் அப்படியே தொடர்கின்றன. ஓர் எளிய கைப்பழக்கம் எத்தனை கருவிகளைத் தாண்டி உயிரோடு வந்திருக்கிறது என்று பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

கணினிக்குள் கோடு புகுந்தது 1963இல். எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாக வரைய வைத்தது. ஐந்தாண்டு கழித்து டக்ளஸ் எங்கல்பர்ட் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் அமர்ந்து, மென்லோ பார்க்கில் இருந்த தன் கூட்டாளியோடு ஒரே திரையைப் பார்த்தபடி அதில் இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பேசியும் காட்டினார். இரண்டையும் சேர்த்தால் இன்றைய கூட்டு வரைபடம் அப்போதே கைக்கெட்டும் தொலைவில் இருந்தது போலத் தோன்றும். நடந்தது வேறு. 1982இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்து வரைபலகையை ஓரங்கட்டிய பிறகும் திருத்தம் தாளிலேயே தங்கியது. படத்தைக் கணினியில் வரைந்து, பெரிய தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் குறித்து, அதைப் பார்த்து மறுபடி கணினியில் திருத்தினார்கள். பல அலுவலகங்களில் இருபதாண்டுக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

இதைப் பழமைப்பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மென்பொருள் முதலில் கொடுத்தது வரையும் கருவியை. படக் கோப்பைத் திறந்தவர் எவரும் கோட்டையே மாற்றிவிடலாம். மேலே எழுதலாம், ஆனால் கீழே உள்ளதைத் தொட முடியாது என்ற நகல்தாளின் ஒழுக்கம் அதில் இல்லை. பொறுப்புள்ளவர்கள் அதனால்தான் தாளை விடவில்லை. அந்த ஒழுக்கத்தைத் திரையில் மீட்டுக் கொடுப்பதே பிறகு வந்த கருவிகளின் கதை. பிடிஎஃப் கோப்பு ஒரு வகையில் திரும்பி வந்த அமோனியா பிரிண்ட்: பார்க்கலாம், மேலே எழுதலாம், கோடு அசையாது. 2002இல் தொடங்கிய புளூபீம் நிறுவனம் அந்தப் பிடிஎஃப்பின் மேல் பலர் ஒரே நேரத்தில் குறிக்கும் வசதியைக் கட்டட உலகுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் பெயரும் நேரமும் தானே பதியும். 2021இல் ஆட்டோகேட்டுக்குள் டிரேஸ் என்ற வசதி சேர்ந்தது. படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்து எழுதுவது போல, மூலத்தைத் தொடாமல் கருத்துச் சொல்ல அது இடம் கொடுக்கிறது. பெயரிலேயே அந்தப் பழைய தாளின் நினைவு இருக்கிறது.

முப்பரிமாண மாதிரி வந்ததும் சிக்கல் இன்னொரு படி ஏறியது. சுற்றிச் சுற்றிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளில் எந்த இடத்தில் குறிப்பு எழுதுவது? 2010ஐ ஒட்டி டெக்லா, சொலிப்ரி என்ற இரு மென்பொருள் நிறுவனங்கள் ஒரு பொது வடிவத்தை உருவாக்கின, பி.சி.எஃப். என்று பெயர். முழு மாதிரியையும் அனுப்பாமல், எந்தக் கோணத்தில் நின்று எந்த உறுப்பைப் பார்த்தபோது இந்தக் கேள்வி எழுந்தது என்பதை மட்டும் ஒரு படத்தோடும் குறிப்போடும் சிறு கோப்பாக அனுப்பலாம். பெறுபவர் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும், திறந்தவுடன் கேட்டவர் நின்ற அதே இடத்தில் போய் நிற்பார். நீங்கள் நின்று பார்த்த இடத்தில் என்னையும் நிறுத்துங்கள் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வேறு வேறு மென்பொருள் என்பது சிறிய விஷயம் அல்ல. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடுகின்றன. அதை வடிவமைத்தபோது ஜெர்மனியின் ஹாம்பர்க் பிரிவு கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்சின் துலூஸ் பிரிவு ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தின. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. துலூஸுக்கு வந்த உடற்பகுதிகளில் கம்பிக்கட்டுகள் பொருந்தாமல், ஜெர்மனியிலிருந்து பணியாளர்கள் வந்து கையால் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ். பங்கின் விலை ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் அதன் இணைத் தலைமை நிர்வாகியும் ஏர்பஸ் தலைவரும் பதவி விலகினார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் போய்ச் சேர 2007 அக்டோபர் ஆயிற்று. நல்லவேளையாக, இங்கே குற்றம் தரையிலேயே தெரிந்துவிட்டது. இழப்பு பணத்தோடு நின்றது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கான்சஸ் சிட்டியில் 1979இல் எஃகு நிறுவனம் வெளியே கொடுத்த டிடெய்லிங் வேலை இன்று பெரும் அளவில் கடல் கடந்து வருகிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்கக் கட்டடங்களுக்கு ஷாப் டிராயிங் வரையும் அலுவலகங்கள் இயங்குகின்றன. நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படித்து வந்த பிள்ளைகள், தாங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் துளை அளவு குறிக்கிறார்கள். அங்கே மாலை அலுவலகம் மூடும்போது இங்கே பொழுது விடியும். நேற்று அனுப்பிய படங்கள் சிவப்புக் குறிகளோடு காலையில் காத்திருக்கும். உள்ளே செக்கர் ஒருவர் வரிக்கு வரி பார்ப்பார். பல அலுவலகங்களில் சரியானதன் மேல் மஞ்சள், திருத்த வேண்டியதன் மேல் சிவப்பு. மஞ்சள் பூசப்படாத அளவு ஒன்று மிஞ்சினால் அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். எளிய வழக்கம்தான், ஆனால் ‘பார்த்தேன்’ என்பதைத் தாளின் மேல் ஒப்பமாக்கும் வழக்கம். 42 படங்களுக்கும் ஒரே மாதிரி முத்திரை குத்தும் முறையில் அது கிடையாது.

ஐயம் வந்தால் எழுத்தில் கேட்பதற்கு ஆர்.எஃப்.ஐ. என்று ஒரு முறை இருக்கிறது. எண் போட்டு, படத்தின் பகுதியை ஒட்டி, கேள்வியை எழுதி அனுப்பினால் பொறியாளர் எழுத்திலேயே பதில் தர வேண்டும். கம்பியை இரண்டாக்கலாமா என்ற கேள்வி இன்று எழுந்தால் அந்த வழியில்தான் போகும். அப்படியானால் இன்று அந்த விபத்து நடந்திருக்காதா? உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ‘ஏற்கத்தக்கது’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரையில் தட்டுவது, வாயால் சொல்வதைவிட ஒன்றும் கடினமல்ல. கணக்குப் போடாமல் தந்த பதில் எழுத்தில் இருந்தாலும் கணக்குப் போடாத பதில்தான்.

இன்றைய கருவிகளில் எனக்குள்ள கவலையும் இங்கேதான். குறிப்பு எழுதுவது மிக எளிதாகிவிட்டதால் குறிப்புகள் கொட்டுகின்றன. ஒரு படத்தில் எழுத்துப் பிழை, அம்புக்குறியின் சாய்வு, தலைப்பின் இடம் என்று ஐம்பது குறிப்பு. அவற்றுக்கு நடுவில் உயிர் போகும் ஒன்று. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. திட்ட மேலாளர் பார்ப்பது எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனை முடிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை. முடித்துவிட்டதாகக் குறிக்க ஒரு சொடுக்கு போதும். 2022இல் வந்த ஆட்டோகேட் பதிப்பு, தாளில் கையால் எழுதிய திருத்தத்தைக் கணினியே படித்துப் படத்தில் ஏற்ற உதவுகிறது. அலுப்பான வேலையை அது குறைக்கும், நல்லதுதான். ஆனால் திருத்தத்தை ஏற்றும் கைக்குச் சொந்தமான மனிதர், ‘இதை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?’ என்று ஒரு நொடி யோசிக்கும் வாய்ப்பும் சேர்ந்து போகக் கூடாது. முப்பதாம் எண் படத்தின் முன்னால் அப்படி ஒரு நொடி யோசித்துக் கேட்டவர், அந்த அலுவலகத்தின் தொழில்நுட்பப் பணியாளர்தான்.

கருவியால் நிச்சயம் ஆகக்கூடியது ஒன்று உண்டு. விபத்துக்குப் பிறகு கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் ஒரு பொறியாளரை அமர்த்தியது. எஞ்சி நின்ற கம்பிகளையும் மூல வரைபடத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார்; ஒரு கம்பி இரண்டாகியிருப்பது சில நாளிலேயே வெளிவந்தது. அந்தச் செய்திப் பணிக்காக அந்நகரின் இரு நாளிதழ்களும் 1982இல் புலிட்சர் பரிசு பெற்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாறிய இடத்தைத் தானே மேகமிட்டுக் காட்டும் வசதி 2018 முதல் ஆட்டோகேட்டிலேயே இருக்கிறது. அந்த ஒப்பீடு இப்போது சில நொடி வேலை. பொறியாளரின் படமும் டிடெய்லரின் படமும் வேறு வேறு கையால் வரையப்பட்டவை என்பதால் முழுதும் பொருந்தாதுதான். ஆனாலும் இணைப்புகளையாவது அப்படிப் பார்க்காமல் முத்திரையிடுவதற்கு இனி எந்தச் சாக்கும் இல்லை.

டங்கனும், திட்டத்தின் பொறுப்புப் பொறியாளரான ஜாக் கில்லமும் 1986இல் மிசௌரியில் தங்கள் பொறியாளர் உரிமத்தை இழந்தார்கள். இணைப்பைப் பட்டறை வடிவமைக்கும் வழக்கம் உண்டு என்ற வாதம் எடுபடவில்லை. படத்தில் முத்திரையிட்டவரே அதற்குப் பொறுப்பு என்பதை 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. கில்லம் பின்னாட்களில் பொறியாளர் கூட்டங்களில் தன் தவற்றையே பாடமாக எடுத்துச் சொல்லிவந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

கோவையிலோ சென்னையிலோ இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கண்ணுக்கு ஓர் இணைப்பு சரியில்லை என்று பட்டால், சிறியவர் நாம் என்று தயங்காமல் அந்த இணைப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். பதில் தொலைபேசியில் வந்தால் அதையும் அங்கேயே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். பதிலில் எண் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால், எத்தனை டன் தாங்கும் என்று மறுபடி கேளுங்கள். அந்த எண் வரும்வரை கேள்வியை மூடாதீர்கள்.